தூளிகள் குறைந்த அறை

புதிதாக நல அலுவலர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டும்போது, குழந்தைகள் காப்பகத்தைக் கடைசியாகத்தான் காட்டுவார்கள். தோல் கிடங்கு, கட்டிங், தையல் லைன்கள், பேக்கிங், கேண்டீன் எல்லாம் முடிந்து உங்களுக்குக் கால் வலிக்கத் தொடங்கும் நேரத்தில், பின்பக்கத்து நீள அறையின் கதவைத் திறந்து, "இது க்ரெஷ்" என்று சொல்லி உடனே மூடிவிடுவார்கள். நீங்கள் அங்கே திரும்பப் போய்ச் சற்று நேரம் உட்காருங்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்த அறைதான்.

நான் சேர்ந்த காலத்தில் அந்த அறையின் கூரையை ஒட்டி நெடுக ஓர் இரும்புக் குழாய் ஓடும். குழாய் முழுக்கப் புடவைத் தூளிகள். காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட மேரி அக்கா எல்லாத் தூளிகளையும் ஒரே கயிற்றில் கோத்துவைத்திருப்பார். கோடியில் உட்கார்ந்து அவர் கயிற்றை இழுத்தால், மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக வரிசை மொத்தமும் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும். சுவருக்கு அப்பால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் தூரத்து மழை மாதிரிக் கேட்கும். பால் வாசனையும் புதுத்தோலின் வாசனையும் கலந்து வரும். மதிய நேரத்தில் அந்த வாசலில் நின்றால் எனக்கே கண் சொக்கும். கனவில் நின்றுகொண்டிருக்கிறோமோ என்று சில சமயம் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

தூளிகள் குறைந்தது ஒரு நாளில் நடந்ததல்ல. முதலில் மூன்றாவது குழந்தையோடு வருகிறவர்கள் இல்லாமல் போனார்கள். பிறகு இரண்டாவது குழந்தையோடு வருகிறவர்கள். அப்புறம் பெண்கள் கல்யாணத்தையே தள்ளிப்போட்டார்கள். அக்காக்கள் பள்ளிக்கூடம் முடித்ததும் நேராகத் தையல் லைனுக்கு வந்த வயதில், அவர்களுடைய தங்கைகள் வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் கல்லூரி பஸ் ஏறினார்கள். இது வருத்தப்பட வேண்டிய செய்தி அல்ல என்பதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். அதே காப்பகத்து வாசலில் உட்கார்ந்து, "ரெண்டு போதும்மா, நல்லா படிக்க வையுங்க" என்று பெண்களிடம் ஓயாமல் சொன்னவளே நான்தான். அவர்கள் கேட்டார்கள், படிக்க வைத்தார்கள். கூரையும் தரையும் மாறாத வீடு அந்தப் பெண்களின் தெருக்களில் இப்போது அநேகமாக இல்லை. ஆனால் ஒரு மாற்றம் வந்தால் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். அது வரும் திசையைத்தான் நாம் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, அந்த நீள அறையில் மூன்றே குழந்தைகள் இருந்தன. அதில் இரண்டு, ஒடிசாவிலிருந்து கணவனோடு வேலைக்கு வந்திருந்த சபிதாவின் இரட்டைப் பிள்ளைகள். மேரி அக்கா பழக்கம் விடாமல் அந்த மூன்று தூளிகளையும் ஒரே கயிற்றில் கோத்து ஆட்டிக்கொண்டிருந்தார். மீதிக் குழாய் வெறுமையாகப் பளபளத்தது.

ஒரு நாள் ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. இடம் வீணாவதைப் பொறுக்க முடியாத மனிதர்.

"மேடம், மூணு கொழந்தைக்கு இவ்ளோ பெரிய ரூமா? ஆபீஸ் பக்கத்துல சின்னதா ஒரு ரூம் குடுத்துடலாம். இதை சாம்பிள் செக்‌ஷனுக்கு எடுத்துக்கறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை.

அந்த வாரத்திலேயே கஸ்தூரி என்னைத் தேடி வந்தாள். தையல் லைன் ஒன்றின் சூப்பர்வைசர். நாற்பதைக் கடந்தவள். அவள் லைனிலிருந்து வரும் ஷூவைத்தான், மொத்தமாக வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு முதலில் எடுத்துக் காட்டுவார்கள். கணவர் பெங்களூரில் டிரைவர். ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்தாள். ஒரே தம்பி சவுதியில். ஆற்றோரக் கிராமத்து வீட்டில் அவளும் அவள் அப்பா எத்திராஜும் மட்டும்.

"இந்த ஷிப்மென்ட் முடிஞ்சதும் நின்னுக்கறேன் மேடம்" என்றாள்.

"இன்னாச்சி?"

"நைனாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சி. எங்க போறோம்னு தெரியாம போய்ட்றாரு. வெளிய பூட்டிட்டுதான் வேலைக்கு வர்றேன். எட்டு மணி நேரமும் அந்தப் பூட்டுதான் மேடம் கண்ணு முன்னாடி தொங்குது."

முன்பெல்லாம் பெண்கள் வேலையை விடும்போது வயிற்றில் பிள்ளை இருக்கும். அதற்குத்தான் சட்டம், அதற்குத்தான் காப்பகம், அதற்குத்தான் நம் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி போன பிறகு, அந்த வருடம் வேலையை விட்டுப்போன மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் அவள் வயது முகங்கள். "குடும்பக் காரணம்" என்று சொல்லிப் போனவர்கள். என்ன குடும்பம், என்ன காரணம் என்று யாரும் கேட்டதில்லை. ஆம்பூர் பஜாரில் மருந்துக் கடை வாசலில் குழந்தைகளுக்கான டயப்பர் பைகளுக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கான பைகளும் தொங்கத் தொடங்கியிருந்தன. தினமும் அதைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குப் போனேன்.

பையரின் பிரதிநிதி வரும் நாள் வந்தது. பிற்பகல் வருகிறார். அவர் போகும்வரை கஸ்தூரி லைனிலிருந்து ஒருத்தரையும் அசைக்கக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு. உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்பு என் மேசைப் போன் அடித்தது. லைனுக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவசரச் செய்தியெல்லாம் எனக்குத்தான் வரும். பேசியது கஸ்தூரியின் பக்கத்து வீட்டு ஷமீம் பேகம்.

"மேடம், கஸ்தூரி நைனா கதவைத் தட்டித் தட்டி அழுதாரு. மனசு கேக்கல. சாவி என்கிட்ட குடுத்து வெச்சிருந்துச்சி, தெறந்து உட்டேன். டீ போட்டுக்கினு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம் மேடம். பேஜாராயிடுச்சி. தெரு பூரா பாத்துட்டோம்."

போனை வைத்தேன். இரண்டு யோசனைகள் ஓடின. வாட்ச்மேன்களை அனுப்பித் தேடச் சொல்லலாம். கஸ்தூரியிடம் பையர் போன பிறகு சொல்லலாம். அதுவரை அவள் நிம்மதியாக வேலை பார்ப்பாள், கம்பெனிக்கும் நல்லது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடித் தடுப்பு வழியாக அவளைப் பார்த்தேன். ஒரு ஷூவின் மேல்பாகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செய்தி என் கையில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது. இந்த வேலையில் உங்களுக்கும் அப்படி ஒரு கணம் வரும். ஒருத்தருடைய கெட்ட செய்தியை நம் வசதிக்காக வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அதை மட்டும் மனதில் வையுங்கள். நான் உள்ளே போய் அவள் தோளைத் தொட்டேன்.

கம்பெனி ஆம்புலன்ஸில் போனோம். கிராமத்துக்குள் நுழையும்போது ஷமீம் பேகம் ஓடிவந்து ஆற்றுப் பக்கம் கை காட்டினார். யாரோ பார்த்திருக்கிறார்கள்.

பாலாற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரைக்குக் கரை வெறும் மணல். அந்த வெயிலில் மணல் மொத்தமும் வெளுத்து, மேலே காற்று அலையலையாக நெளிந்துகொண்டிருந்தது. தூரத்தில், நட்டநடு ஆற்றில் ஒரு வெள்ளை வேட்டி. கிட்டப் போனபோது தெரிந்தது, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார் எத்திராஜ். ஒரு கையால் துண்டைத் தலைக்கு மேல் நனையாமல் பிடித்திருந்தார். ஒவ்வொரு அடியையும் தரை தேடிப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"நைனா!" என்று கஸ்தூரி அலறினாள்.

அவர் திரும்பினார். முகத்தில் பயமே இல்லை. மகளைக் கண்டதும் கோபம்தான் வந்தது.

"அங்கியே நில்லுடி! தண்ணி ஜாஸ்தியா வருது. நான் வந்து இட்டுக்கினு போறேன்."

கஸ்தூரி அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், ஆனால் சொல்லவில்லை. அவர் மெல்ல மெல்ல வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வழுக்கும், என் பின்னாடியே வா" என்றார். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, நானும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மூவருமாக, இல்லாத தண்ணீரில் கரையை நோக்கி நடந்தோம். சுடுமணல் செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது. ஆனாலும் ஒரு நொடி, முழங்காலில் குளிர்ச்சி ஏறியது போல இருந்தது எனக்கு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கரையேறியதும் நான் புடவை ஓரத்தைப் பிழியப் போனேன்.

கரையில் கஸ்தூரி தரையில் உட்கார்ந்து அழுதாள். "போங்க மேடம். நான் இங்கியே இருந்துக்கறேன். வேலை போனா போவட்டும்."

"அப்பாவையும் ஏத்து" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் வழியில்தான் முடிவானது.

காப்பகத்தில் குழந்தைகள் தூங்கும் நேரம். மேரி அக்கா எத்திராஜின் காலைக் கழுவிவிட்டு, மோர் கொடுத்து, வெறும் குழாய்க்குக் கீழே ஒரு பாயைப் போட்டார். கிழவர் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தையல் மெஷின்களின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார். "மழை புடிச்சிக்கிச்சி" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். கஸ்தூரி முகம் கழுவிக்கொண்டு லைனுக்குப் போனாள். பையரின் பிரதிநிதி வந்தபோது அவள் தன் இடத்தில் இருந்தாள்.

ஆனால் அந்தப் பெண்மணி லைனோடு நிற்கவில்லை. காப்பகத்தையும் பார்க்க வேண்டும் என்றார். கதவைத் திறந்ததும் மூன்று தூளிகளும், கீழே குறட்டை விட்டுத் தூங்கும் ஒரு கிழவரும். ஜி.எம்.மின் முகம் கறுத்தது. யார் இவர் என்று பிரதிநிதி கேட்டார். தோட்டக்காரர் என்று சொல்லியிருக்கலாம். நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, குழந்தைகள் இருக்கும் அறையில் வெளியாள் இருப்பது கூடாது, உடனே சரிசெய்ய வேண்டும் என்று அமைதியாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. குழந்தைகளின் பாதுகாப்பில் நம் இரக்கத்துக்கு விதிவிலக்கு கிடையாது.

அவர் கார் ஏறியதும் ஜி.எம். என்னிடம் வந்தார்.

"மேடம், இது ஷூ கம்பெனியா, முதியோர் இல்லமா? நாளைக்கு எல்லாரும் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

கோபத்தில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. "சார், ஒரே ஒரு நாள் காலையில என்கூட ஷிப்ட் பஸ்ல வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அது மாசி மாதம். விடிவதற்கு முன் பனி கனமாக இறங்கியிருந்தது. நாங்கள் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தோம். முன்பெல்லாம் இந்த பஸ் பக்கத்து ஊர்களிலேயே நிறைந்துவிடும். இப்போது ஆள் தேடி மலையடிவாரம்வரை போகிறது. பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு நிறுத்தமாக வெளியே வந்தது. ஓர் இடத்தில் தலைக்குச் சாயம் போட்ட இரண்டு பெண்கள். இன்னோர் இடத்தில் மூட்டுவலிக்குப் பட்டை கட்டிய ஒருத்தி, கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினாள். ஏறியவர்கள் எல்லாரும் சீட்டில் சாய்ந்ததும் தூங்கினார்கள். பஸ் திரும்பும்போது எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு ஒன்றாக மறுபக்கம் சாய்ந்தன. ஒரு புளியமரத்தடியில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். யாரும் இல்லை. ஹாரன் கூட அடிக்கவில்லை, மறுபடி கிளப்பினார்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் ஜி.எம்.

"இங்க இருந்து மட்டும் அரை பஸ் பொண்ணுங்க ஏறும் சார், ஒரு காலத்துல. கால் தானா பிரேக்குக்குப் போய்டுது" என்றார் டிரைவர்.

அடுத்த ஊரில் ஒரு பெண் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக எதிர்வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வையைச் சுற்றிவிட்டு ஓடிவந்து பஸ் ஏறினாள். பனிக்குள் அந்த நாற்காலி மறையும்வரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜி.எம்.மும் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து, பக்கத்தில் தூங்குகிறவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "சின்னப் பொண்ணுங்க எல்லாம் எங்க மேடம்?"

"பாதிப் பேர் காலேஜுக்குப் போய்ட்டாங்க சார். மீதிப் பேர் பொறக்கவே இல்ல."

பொழுது விடிந்து, ஆம்பூர் மலைகள் நீலமாகத் தெரியத் தொடங்கியபோது, அவர் இன்னும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். கம்பெனி கேட்டில் இறங்கும்போது சொன்னார். "அறையில பாதி பெரியவங்களுக்கு. நடுவுல செங்கல் சுவரு. தனி வாசல், தனி ஆளு. சரியா வரலைன்னா மறுபடி எடுத்துக்குவேன்."

சரியாக வந்தது என்று முழுக்கச் சொல்ல மாட்டேன். சிலர் பெற்றவர்களைக் கூட்டிவர வெட்கப்பட்டார்கள். சில முதியவர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஆனால் கஸ்தூரி வேலையை விடவில்லை. அவளைப் பார்த்து, போக இருந்த இன்னும் சிலரும் விடவில்லை. எத்திராஜ் காலையில் மகளோடு பஸ்ஸில் வந்து, தான் வேலைக்கு வந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு, சாயங்காலம் களைப்போடு திரும்பிப் போனார்.

இதோடு கதை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். ஒரு மதியம், சாப்பாட்டு வேளையில், சபிதா முதியவர்களின் அறை வாசலில் வந்து நின்றாள். வேலைக்கு வந்து இரண்டு வருடமாகியும் தமிழ் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் வரும்.

"மேடம், எங்க அம்மா ஊர்ல. தனியா. நான் இங்க, அண்ணன் சூரத்ல. அம்மாவை எங்க உக்கார வைக்கறது?"

நம் பெண்கள் காலி செய்த இடங்களை நிரப்ப இவள் வந்திருந்தாள். இவள் காலி செய்துவிட்டு வந்த இடம் அங்கே யாரும் நிரப்பாமல் இருந்தது. நம் லைன் ஓடியது. எங்கோ ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு தாய் பகல் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எந்தச் சட்டமும் தெரியவில்லை, எந்த யோசனையும் வரவில்லை. "உள்ள வாம்மா" என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

அந்த அறையில் செல்போனுக்குத் தடை இல்லை. சபிதா வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டாள். போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்தாள். சாணி மெழுகிய முற்றம், ஒரு வாழைமரம், மூக்கில் பெரிய வளையம் போட்ட ஒரு முகம். அந்த அம்மா மகளைப் பார்த்தார், பிறகு அவள் பின்னால் பாய்களில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். தலைமேல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

எத்திராஜ் தட்டைத் தள்ளிவிட்டு நகர்ந்து வந்தார். "யாரும்மா இது? புதுசா சேர்ந்திருக்காங்களா?"

"எங்க அம்மா" என்றாள் சபிதா.

"சாப்டாங்களான்னு கேளு."

அவள் ஒடியாவில் கேட்டாள். அந்த அம்மா ஏதோ சொன்னார். சபிதா சிரித்தாள். எத்திராஜும் புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். அங்கே காற்றில் வாழை இலை ஆடியது. இங்கே ஒவ்வொருவராகக் கண் சொக்கினார்கள். வெளியே, முன்னமே சாப்பிட்டு வந்தவர்களின் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. திரையில் அந்த அம்மாவும் தூணில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

மணி அடித்தது. சபிதா போனை எடுக்கக் கை நீட்டி, அப்படியே என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும். நீ லைனுக்குப் போ" என்றேன்.

அவள் ஓடினாள். நான் போனின் சார்ஜர் வயரைச் சுவரில் சொருகிவிட்டு, தூங்குகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.